ரோசான் போட்ட பச்சை நாரை

கேக்கின் மேல் பெயர் எழுதுவதற்கு முன் ரோசான் கீஃபர் ஒருமுறை காற்றில் எழுதிப் பார்ப்பாள். க்ரீம் பையை வலது கையில் பிடித்துக்கொண்டு, கேக்குக்கு ஒரு சாண் மேலே, ஒரு துளிகூடப் பிழியாமல் முழுப் பெயரையும் எழுதி முடிப்பாள். எங்கே தொடங்கினால் எங்கே இடம் நெருக்கும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடுமாம். அப்புறம்தான் பை கீழே இறங்கும். செயின்ட் லூயிஸ் நகரத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய மளிகைக் கடையில், கேக் மேடைக்குப் பின்னால், பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

பக்கத்தில் ரொட்டி அடுக்கும் ஷர்லீன் இந்தக் காற்றெழுத்தைப் படிக்கவே பழகிவிட்டாள்.

"யாருடி அது, வெர்னனா? எண்பது வயசா? கேக்கக் கடிக்கப் பல்லு இருக்கா மனுஷனுக்கு?"

"வாய மூடு ஷர்லீன். அவரோட மருமகதான் எதிர்ல நிக்கிறா."

ரோசானுக்கு நாற்பத்தேழு வயது. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. மணிக்கட்டில் எப்போதும் வலிக்குக் கட்டிய ஒரு பட்டை. மூக்குக் கண்ணாடியில் சர்க்கரைத் தூள் படிந்திருக்கும். துடைக்க மாட்டாள், அதன் வழியாகவே உலகத்தைப் பார்ப்பாள். நாள் முழுக்க வெண்ணெயிலும் வெண்ணிலாவிலும் நிற்கிறவள் கேக்கைத் தொட்டும் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு, உப்பு பிஸ்கட்டும் ஊறுகாய் வெள்ளரியும்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு அழுகிற முகத்தோடு நின்றால், தட்டைக் கத்தியை நீட்டுவாள். "கேக்குதானே கண்ணு, கல்லறையா? வழிச்சு எடுத்துட்டு மறுபடி எழுது."

மகள் பிரின் கால்பந்து ஆடும்போது மட்டும் இந்தப் பொறுமை எல்லாம் பறந்துவிடும். மற்ற அம்மாக்களைப் போலக் கத்த மாட்டாள். மைதானத்தின் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுத் தனியாக உட்காருவாள். மகள் பந்தை உதைத்தால் இவள் காலும் உதைக்கும். பிரின்னுக்கு இடது கால். அதனால் இவளுக்கும் இடது கால். ஒருமுறை குளிர்பெட்டியை உதைத்துக் கவிழ்த்து, நடுவரின் காலடி வரைக்கும் ஐஸ் கட்டிகள் ஓடின.

இந்த ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், "நீ எந்த ஹைஸ்கூல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆளை எடைபோட அது போதும். கால்பந்து மைதானத்து ஓரங்களிலோ கேள்வி வேறு. "உன் பொண்ணு எங்க கமிட் ஆயிருக்கா?" எந்தப் பல்கலைக்கழக அணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். பெண் எட்டாம் வகுப்பாக இருக்கலாம், பல்லில் கம்பி கட்டியிருக்கலாம். பதில் இல்லாத அம்மாக்கள் குனிந்து குளிர்பெட்டிக்குள் எதையோ தேடுவார்கள்.

ரோசானும் தேடியவள்தான். நாலு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் மாதம் வரைக்கும்.

அந்த வயதுப் பெண்களைப் பல்கலைக்கழகக் கோச்சுகள் தாமாக அழைத்துப் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் பெண்ணே அழைத்து, கோச் தற்செயலாகப் போனை எடுத்துவிட்டால் பேசலாம். அந்தத் தற்செயலுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, பிரின் ஆடும் உள்ளூர் க்ளப்பின் கோச் கெவினின் வேலை. அன்றைக்கும் செய்தி வந்தது: 'நாலு பத்துக்குக் கூப்பிடு. எடுப்பாங்க.'

கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வேனில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ரோசான் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நாலு பத்துக்குப் பிரின் அழைத்தாள். கோச் மரியன் டால் எடுத்தார். கடலோரத்துப் பெரிய பல்கலைக்கழகம். பச்சை நாரைதான் அவர்கள் சின்னம். எல்லோரும் அந்த அணியை 'நாரைகள்' என்றே சொல்வார்கள்.

கொஞ்ச நேரம் "ம்", "ஆமா கோச்" என்று கேட்டுக்கொண்டிருந்த பிரின், போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் கண்.

"அம்மா, என்னை வேணுங்கறாங்க. ஸ்காலர்ஷிப்போட."

"ஐயோ! சரின்னு சொல்லுடி!"

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லட்டுமா? நான் அந்த ஊரையே பார்த்ததில்லையேம்மா. எனக்கு அங்க என்ன படிக்கணும்னுகூடத் தெரியல."

"இன்னும் எத்தனை இடம் இருக்குதாம்?"

"ஒண்ணுதானாம். நாலரைக்கு வேற ஒரு பொண்ணு கூப்பிடறாளாம்."

ரோசான் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்திரண்டு. "பிரின், சரின்னு சொல்லு."

பிரின் கையை எடுத்தாள். "சரி கோச்," என்றாள். பதினாலு வயதுக் குரல்.

எட்டு நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா, ரோசான்? இந்தக் கேள்வியை இன்றுவரை வேறு யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளாத நாளுமில்லை.

அந்த வாரம் மூன்றடுக்கில் ஒரு கேக் செய்தாள். மேலே பச்சை நாரை, ஒற்றைக் காலில், கழுத்தை வளைத்துக்கொண்டு. அணிப் பெண்கள் நாரையை வெட்ட மனம் வராமல் சுற்றிலும் தின்று தீர்த்து, அதை மட்டும் தீவு மாதிரி விட்டுவைத்தார்கள். வேனின் பின் கண்ணாடியில் நாரை ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து ஏழு கடிதம் எழுதினாள். பிரின்னை விசாரித்திருந்த மற்ற ஏழு கோச்சுகளுக்கும், தன் கையெழுத்தில். நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டோம், உங்கள் அன்புக்கு நன்றி, இனி எங்களுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

"ஏண்டி கதவையெல்லாம் நீயே சாத்தறே? ஒண்ணு ரெண்டு திறந்தே கிடக்கட்டுமே!" என்றாள் ஷர்லீன்.

"வாக்குன்னா வாக்குதான் ஷர்லீன்."

நிச்சயமான பெண்ணை வேறு வீட்டார் வந்து பார்ப்பார்களா? யாரும் வரவில்லை. மூன்று வருடம், எந்த மைதானத்திலும், எந்தக் கோச்சின் பேனாவும் பிரின் பெயருக்கு நேரே எதையும் எழுதவில்லை. அவள்தான் நாரைகளின் பெண்ணாயிற்றே!

பதினோராம் வகுப்பு வசந்தத்தில், மழை பெய்து ஊறிய மைதானத்தில், பிரின் பந்தோடு திரும்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. மூலைக் கொடி அருகே அம்மாவின் இடது கால் எப்போதும்போல் உதைத்துவிட்டு, அந்தரத்திலேயே நின்றுபோயிற்று. முட்டிக்குள் தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, ஒன்பது மாத ஓய்வு.

"முட்டி ஆறிடும், பிரின். உன் இடம் எங்கயும் ஓடிடாது," என்றார் மரியன் டால். அந்தக் குரலைக் கேட்டு ரோசான் போனுக்கே முத்தம் கொடுத்தாள்.

இடம் ஓடவில்லை. மரியன் டால்தான் போய்விட்டார். ஜூலை மாதம் வேறு மாநிலத்தில் வேறு வேலை. அதுவும் கெவின் செய்தி அனுப்பித்தான் இவர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் நாரைகளின் புதிய கோச் பேசினார். பிரின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டதால் இப்போது அவரே அழைக்கலாம். தற்செயல் எதுவும் தேவையில்லை.

"அருமையான பொண்ணு, மிஸஸ் கீஃபர். ஆனா அந்த வாக்கு மரியன் கொடுத்தது. நான் கொடுத்தது இல்லையே."

"நாங்க கொடுத்தது உங்க பல்கலைக்கழகத்துக்குங்க."

"கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது இருக்கா?"

காகிதம் ஏது? கையெழுத்துப் போடும் நாள் பிப்ரவரியில்தான் வரும். அதுவரைக்கும் எல்லாம் வாய்ப்பேச்சு. இது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், ரோசானுக்கும் தெரியும். தெரிந்தும், அந்தப் பேச்சை வாக்கென்றே நம்பினாள்.

ஏழு கடிதத்துக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்லூரி, இரண்டு மணி நேரத் தூரம். அதன் கோச் ஃபே லிண்ட்ஹோம், 'இப்படி மரியாதையாகச் சொன்ன முதல் அம்மா நீங்கள்' என்று எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரோசான் எண்ணை அழுத்தினாள்.

"பிரின்னா? இடது கால்ல அடிப்பாளே, ஞாபகம் இருக்கே! ஆனா ரோசான், அந்த வருஷத்துப் பிள்ளைங்கள எடுத்து முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இப்ப நான் ஒன்பதாங்கிளாஸ் பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஒன்பதாம் வகுப்பு! தன் மகள் பதினேழு வயதில் கிழவியாகிவிட்டாள் என்பதை அந்தத் தாய் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

மீதி ஆறு இடங்களிலும் இதே பதில்தான், குரல்கள் மட்டும் வேறு. அதற்குப் பிறகு வேனை எங்கே நிறுத்தினாலும், பின் கண்ணாடி சுவரைப் பார்க்கும்படி நிறுத்துகிறாள். நாரையைச் சுரண்ட ஒருநாள் கத்தியோடு போனாள். சுரண்டாமல் திரும்பி வந்தாள். பிரின் நாரை போட்ட பச்சைக் கம்பளிச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படிப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். மாலையில் மாடிப்படியில் ஏறி இறங்கி முட்டிக்குப் பயிற்சி செய்கிறாள். எந்த அணிக்கு அந்தப் பயிற்சி? கீழே பாத்திரம் கழுவிக்கொண்டே ரோசான் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்பாள். 'நான் அன்னைக்கே கேட்டேனேம்மா' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மகள் சொல்லித் திட்டினால் தேவலை என்றிருக்கும். பிரின் சொல்லமாட்டாள்.

"விடும்மா. பந்து உதைக்காம காலேஜுக்குப் போறவங்க இல்லையா?" என்பதோடு சரி.

பிப்ரவரி வந்தது. கையெழுத்து நாளில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, பெண்கள் தத்தம் கல்லூரித் தொப்பியோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கொரு கேக் உண்டு. கேக்கில் கல்லூரிச் சின்னம். அந்த வாரம் ரோசானின் மணிக்கட்டுக்கு ஓய்வே கிடையாது. கரடி, புலி, கப்பல், கோடாரி என்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை டானா ஓஸ்ட்மன் வந்தாள். பிரின்னின் அணியிலேயே இருக்கும் கெண்டலின் அம்மா. மேடைக்குப் பின்னால் ரோசானைக் கண்டதும், பிஸ்கட் வரிசைப் பக்கம் நழுவப் பார்த்தாள். முடியவில்லை.

"ரோசான்… நீ லீவுல இருப்பேன்னு நினைச்சேன்."

"கையெழுத்து வாரத்துல எனக்கு ஏது லீவு? என்ன போடணும் சொல்லு."

டானா கண்ணாடித் தடுப்பைத் துடைக்கிற மாதிரி விரலால் தடவினாள். "கெண்டலுக்கு. நாரை."

கெண்டல் ஒன்பதாம் வகுப்பிலேயே வேறொரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்தவள். போன நவம்பரில் புதிய கோச் கூப்பிட்டார். அந்த வாக்கை உதறிவிட்டு நாரைகளிடம் போய்விட்டாள்.

"முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன் ரோசான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ ஒண்ணும் பிரின் இடத்தை…"

"வெண்ணிலாவா, சாக்லேட்டா?"

"வேற கடையில கொடுத்திருக்கலாம்தான். ஆனா அந்த நாரையை உன்ன மாதிரி யாராலயும் போட முடியாது."

"வெண்ணிலாவா சாக்லேட்டா, டானா?"

"வெண்ணிலா."

அவள் தலை மறைந்ததும் ஷர்லீன் ரொட்டித் தட்டை டமாரென்று வைத்தாள். "நான் போடறேன் விடு. என் நாரை குண்டு வாத்து மாதிரிதான் வரும். அந்த நன்றிகெட்ட கூட்டத்துக்கு அது போதும்."

"வேண்டாம்."

"உனக்கென்ன தலையெழுத்தா இதைப் போடணும்னு?"

"அவ கேட்டா, நான் சரின்னு சொல்லிட்டேன் ஷர்லீன். நானே போடறேன்."

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அதைச் செய்தாள். கடைசி வரைக்கும் தள்ளிப்போட்டு, எல்லாக் கரடியும் புலியும் முடிந்த பிறகு. பச்சையைக் கலந்தாள். நிறம் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. கை மறக்கவில்லையே, பாவி! கால், உடம்பு, இறக்கை, அப்புறம் கழுத்து. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக அம்மாவிடம் வந்த பிரின், தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"கழுத்து இன்னும் கொஞ்சம் வளையணும்மா."

ரோசான் நிமிர்ந்தாள். கேக்கை மறைக்கக் கை நீண்டது, எதைக்கொண்டு மறைப்பது?

"இங்க," என்று பிரின் கண்ணாடியின் மேல் விரலால் அந்த வளைவைப் போட்டுக் காட்டினாள். நாலு வருடம் எல்லாப் பாடநோட்டிலும் போட்ட வளைவு. ஒரே இழுப்பில் வந்தது. "கெண்டலுக்கா?"

"ம்."

"சாவி கொடும்மா. வேன்ல இருக்கேன்."

சாவியை வாங்கிக்கொண்டு போனாள். முட்டி இப்போது நன்றாகத்தான் மடங்குகிறது. நொண்டல் துளியும் இல்லை. அதைப் பார்க்கத்தான் ரோசானால் முடியவில்லை.

கழுத்தை வழித்து எடுத்துவிட்டு மறுபடி போட்டாள், மகள் காட்டியபடியே. நாரைக்குக் கண் வைத்தாள். பெயர் ஒன்றுதான் பாக்கி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஏப்ரன் நுனியால் சர்க்கரைத் தூளைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பையைக் கேக்குக்கு ஒரு சாண் மேலே தூக்கினாள். காற்றில் எழுதத் தொடங்கினாள்.

ரொட்டிகளுக்கு நடுவே நின்ற ஷர்லீன் பழக்கதோஷத்தில் அதைப் படித்தாள். முதல் எழுத்திலேயே அவள் கை நின்றது. கெண்டல் இல்லை. ரோசான் அவசரமே இல்லாமல், பிரின் என்று முழுவதும் எழுதி, கடைசி எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சுழியும் போட்டாள்.

பிறகு பையைக் கீழே இறக்கி, கேக்கின் மேல் கெண்டல் என்று எழுதினாள்.