ஒன்பது மணிச் சோறு

காலை எட்டரை மணி இருக்கும். டெல்லி முனிர்காவில் ஒரு மொட்டை மாடி. கையில் எவர்சில்வர் தட்டோடு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மரப்பெட்டியைச் சுற்றிக் குனிந்து நிற்கிறோம். பெட்டிக்கு மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த டப்பாக்கள், டப்பாக்களுக்குள் அரிசி. திறந்து வைத்த மூடியின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டியிருக்கும்; அது வெயிலைப் பிடித்துப் பெட்டிக்குள் தள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. குறைப்பிரசவக் குழந்தையைப் பார்க்கவந்த சொந்தக்காரர்கள் மாதிரிதான் இருப்போம். கண்ணாடியில் ஆவி படிந்தால் நல்ல சகுனம். படிந்ததே இல்லை. எனக்கு ஒன்பது மணிக்கு பஸ். சூரியனுக்கு அப்படி ஒரு அவசரமும் கிடையாது.

அது சிஸ்டர் மெஸ். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கமலா என்று ஒரு வடநாட்டுப் பெண் வருவாள். ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் அங்கீட்டி என்னும் கரி அடுப்பை மூட்டிச் சமைத்து நுரையீரல் கெட்டுப்போனவள். மருந்து கொடுத்து, தேற்றி, "புகையில்லாத இடமாப் பாத்து இரு" என்று சொல்லி அனுப்புவார்கள். குளிர்காலம் முடிவதற்குள் திரும்பி வருவாள். அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் அவள் கேட்டிருக்கிறாள். நாமாக இருந்தால் பரிதாபப்பட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு, சர்க்கார் மானிய விலையில் விற்ற சூரிய அடுப்புகளை வாங்கி, மொட்டை மாடியோடு ஒரு வீட்டைப் பிடித்து, கமலாவைச் சமையலுக்கு வைத்தார். ஒரே ஒரு சட்டம்: இந்த வீட்டில் கரி எரியாது.

கேஸ் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ரேஷன் மண்ணெண்ணெய் காப்பிக்கும் தாளிப்புக்கும்தான் காணும். மற்றதெல்லாம் சூரியன் பொறுப்பு.

இதைத் தர்ம காரியம் என்று யாராவது சொன்னால் சிஸ்டருக்குக் கோபம் வரும். "தர்மமெல்லாம் ஒரு வீட்டோட நின்னு போகும் தம்பி. இதுல நாலு காசு லாபம் வரணும். வந்தாத்தான் பக்கத்து வீட்டுக்காரன் காப்பியடிப்பான். அவன் காப்பியடிச்சாத்தான் இந்தத் தெருவுல புகை நிக்கும்" என்பார். கேட்கும்போது எங்களுக்குப் புல்லரிக்கும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருவன் இதைப் பற்றி எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டுவோம். காட்டுவதில் எங்களுக்கு இருந்த உற்சாகத்தில் பாதியாவது அதிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிடுவதில் இருந்திருக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், தமிழ் குமாஸ்தாவின் வயிற்றில். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டே பழகிய வம்சம். டெல்லி வெயிலோ பத்தரைக்கு மேல்தான் வேலைக்கே வரும். ஒரு மணிக்கு அந்தப் பெட்டியைத் திறந்தால் சோறு பூப்போல இருக்குமாம். கேள்விதான். அந்த நேரத்தில் நான் ஆர்.கே.புரத்தில் கோப்புகளுக்கு நடுவே பிஸ்கட் தின்றுகொண்டிருப்பேன். அரிசி வேகாததால் தாமதம் என்று ஒருநாள் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். செக்‌ஷன் ஆபீசர் பஞ்சாபிக்காரர், நல்ல மனுஷர். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தாலே வாட்சைப் பார்க்கமாட்டார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார்.

மேகம் கட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு நாங்கள் கூட்டம் போட்டோம். காலையில் மட்டும், மாடியின் ஒரு மூலையில், சின்னதாக ஒரே ஒரு அங்கீட்டி. இதுதான் கோரிக்கை. தமாஷாகப் பேசுபவன் என்பதால் தூதுக்கு என்னை அனுப்பினார்கள். தமாஷாகப் பேசுகிறவனுக்கு வாழ்க்கையில் கிடைக்கிற பதவி உயர்வு இது ஒன்றுதான். சிஸ்டர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சின்ன அங்கீட்டின்னா சின்னப் புகையா வரும்? கமலா நெஞ்சு தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியும்லா தம்பி."

"தெரியும் சிஸ்டர். ஆனா ஒம்பது மணிக்குப் பசிக்குதே."

"வெயிலு ஒம்பதுக்கு வராது. நீங்கதான் வயித்தக் கொஞ்சம் மாத்திக்கிடணும்."

"வயிறு பரம்பரைச் சொத்து சிஸ்டர். அதை மாத்தி எழுத எனக்கு உரிமை இல்ல."

அவர் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் பருப்புத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அப்ப சரி. நான் வாடிக்கைய மாத்திக்கிடுதேன்" என்றார்.

மாற்றிவிட்டார். மாசக் கடைசியில் எங்கள் எல்லோரையும் வேறு மெஸ் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் அடுக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சாப்பாட்டு நேரம் நடுமத்தியானம். அவர்களுக்கு வேண்டியது ராஜ்மாவும் சாதமும். ராஜ்மாவோ மெதுவாக வேகவேண்டிய பயறு, அந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது. கமலாவுக்கும் சாம்பார் என்னும் வேதனையிலிருந்து விடுதலை. படிக்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெஸ் தன் காலில் நின்றது. கமலா இருமாமல் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பது, அதே வீட்டில் கீழே நான் குடியிருந்த அறைக்குக் கேட்கும். ஆராய்ச்சி மாணவன், மெஸ் தன் வர்க்க குணத்தை இழந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் இட்லி தேடிப் போனான். நான் தெருக்கோடியில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தேன். கரி அடுப்பு; எட்டரைக்கே சுடச்சுடச் சோறு.

பிறகு சிஸ்டர் எதிர்பார்த்த அந்த நாள் வந்தது. பக்கத்து வீட்டுச் சௌத்ரி மாடியேறி வந்து பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கறுப்புப் பெயின்ட் எதற்கு, கண்ணாடியை எந்தச் சாய்வில் வைக்கவேண்டும், பெட்டி எங்கே கிடைக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னார். சௌத்ரி எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்றார். மறுவாரமே வாசலில் கடை போட்டார். ராஜ்மா சாதம். விலை கொஞ்சம் குறைவு. பெரிய கரி அடுப்பு. அதன் புகை சுவரேறி நேரே எங்கள் மாடிக்கு வந்தது. மூடிக் கண்ணாடியில் கரி படிந்தது. கமலா அதைத் துடைத்தாள், இருமினாள், மறுபடி துடைத்தாள்.

"காப்பியடிச்சிட்டான்லா" என்றார் சிஸ்டர். "ஆனா தப்பான பக்கத்தப் பாத்து அடிச்சிட்டான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னிடம் இருந்த ஆபீஸ் ஹிந்தியை எல்லாம் திரட்டிக்கொண்டு சௌத்ரியிடம் நியாயம் கேட்கப் போனேன். நோயாளிப் பெண், புகை, மனசாட்சி என்று என் இலக்கணப் பிழைகளோடு பேசினேன். அவர் கரண்டியை நிறுத்தாமல் பொறுமையாகக் கேட்டார். பெட்டி நல்ல சாமான்தான், ஆனால் மேகம் வந்தால் என் வாடிக்கை ஓடிவிடும் என்றார். பிறகு, கிண்டல் துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "பாபுஜி, ஆப் கஹா(ன்) காதே ஹை(ன்)?" நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள்?

தெருக்கோடிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு வந்தேன்.

சிஸ்டர் சண்டை போடவில்லை. வேறு மாடி தேட ஆரம்பித்தார். வாடகை, தண்ணீர் பற்றியெல்லாம் பிறகுதான் பேசுவார். முதலில் மாடியேறி, கொடியில் காயும் துணி காற்றில் எந்தப் பக்கம் பறக்கிறது, அடுப்புகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்ப்பார். ஊரை விட்டுத் தள்ளி, வயலை ஒட்டி ஒரு வீடு கிடைத்தது. டெம்போவில் பெட்டிகளை ஏற்றினோம். கயிறு கட்டுவதுதான் என் பங்கு. அதையும் கமலா அவிழ்த்து மறுபடி கட்டினாள். அங்கே வாடிக்கைக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். "வருவாங்க. ஒரு மணிக்குப் பசிக்கிறவன் ஊர்ல இல்லாமலா போயிருவான்" என்றார் சிஸ்டர். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் ஆபீஸுக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வியாபாரத்தாலேயே ஏழ்மையும் தீரும், காற்றும் சுத்தமாகும் என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறோம். வெளியே வந்தால் நவம்பர் மாசத்து டெல்லி. எதிர்ப்பக்கக் கட்டிடம் தெரிவதில்லை. துணி எந்தப் பக்கம் பறந்தாலும் அந்தப் பக்கமும் புகைதான். சிஸ்டர் இன்றைக்கு மாடி தேடி வந்தால், நானும் கூடப் போய்த் தேடுவேன். எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியவில்லை.