அனுமனின் தாடையும் என் தாடையும்

அறுபதுகளில் யட்டவத்தைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சிங்களம் பத்துச் சொல் தெரியும். தமிழில் எனக்குத் தெரியாததில்லை என்ற எண்ணம் மட்டும் நிறைய இருந்தது.

ஒருநாள் வகுப்பில் பிள்ளைகள் அனுமன் என்ற பெயருக்குப் பொருள் கேட்டார்கள். “அனுமானம் என்றால் ஊகம். கருங்குரங்குக்கும் ஊகம் என்று பெயர் உண்டு. அதனால்தான் அனுமன்” என்று அடித்துச் சொன்னேன்.

அன்று பின்னேரம் மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில் பெரிய கொட்டாவி ஒன்று விட்டேன். காதடியில் ஏதோ இடறியது. திறந்த வாய் மூடவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து இருக்கையில், மடியில் கராம்புக் கூடையுடன் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். என் மாணவி ஒருத்தியின் தாய்.

“டீச்சர், வாய மூட ஏலாம ஈக்குதா?”

தலையாட்டினேன்.

“பயப்படாதீங்க. நான் கூட்டிப் போறேன்.”

கராம்பு விற்கத்தான் அவர் நகரத்துக்கு வந்திருந்தார். கடைப் பக்கமே போகாமல் என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் நடந்ததையெல்லாம் அங்கே எனக்காகச் சிங்களத்தில் சொன்னதும் அவர்தான். வயதான சிங்கள டொக்டர் பெருவிரல்களில் துணி சுற்றி என் கடைவாயில் வைத்துக் கீழே அழுத்தினார். உயிர் போகிற வலி. மறுகணம் வாய் மூடியது. நாடியோடு சேர்த்துத் தலையில் கட்டுப் போட்டார்.

என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். தமிழ் என்று அந்தப் பெண் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“தாடைக்கு இவங்க ஹனுவ எண்டு செல்றாங்க, டீச்சர். ஒங்கட அனுமார் சின்னதுல சூரியனப் பழம் எண்டு பாஞ்சாராம். இந்திரன் அடிச்சதுல தாடை ஒடஞ்சிச்சாம். அதாலதான் அந்தப் பேராம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிச்சிடாதீங்க. திரும்பக் கழண்டுடும்.”

பிறகு அகராதியைப் பார்த்தேன். அனு என்றால் தாடை; அனுமன் என்றால் தாடையுள்ளவன். பேச முடியாததால், மறுநாள் வகுப்பில் நான் சொன்னது பிழை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் என் கட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை கட்டியானது எதையும் சாப்பிட முடியவில்லை. அந்த நாட்களில் மதிய இடைவேளைக்குப் பாடசாலை வாசலில் அந்தப் பெண் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சியோடு நிற்பார். குடித்து முடியும்வரை நிழலில் நின்று, தன் வீட்டுக் கதைகளைச் சொல்வார். பதில் சொல்ல முடியாத என்னோடு அவ்வளவு நேரம் பேசியவர் வேறு யாருமில்லை. கட்டு அவிழ்த்த அன்றும் வந்தார். நான் நன்றி சொன்னேன்.

“கொரல் நல்லாத்தான் ஈக்குது” என்றார். “கஞ்சியக் குடிங்க, ஆறிப் போகுது.”