பீர் அண்டாவுக்கு ஒரு பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு பீர் ஃபேக்டரிக்குப் போனாள்.

சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. மல்லிகாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். வெள்ளிக்கிழமையானால் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் நிற்பவள். ஆபீஸில் யாரோ கொடுத்த கேக்கை, ரம் கலந்திருக்குமோ என்று பயந்து கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டவள்.

நடந்தது இதுதான். நகருக்குள் ஒரு பழைய பீர் ஆலை இருக்கிறது. செங்கல் சுவர், உயரமான புகைபோக்கி. காய்ச்சுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. இடித்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. நல்லவேளை... மரபுடைமைக் கட்டடமாக வைத்துக்கொள்வதென்று முடிவாகி, பழுதுபார்த்து, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறப்பு நாளில் விளக்கம் சொல்லப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் யாழினிக்குக் கிடைத்தது, பெரிய செப்பு அண்டா. அதை எங்கள் நாலறை வீட்டு ஹாலில் வைத்தால் நாங்கள் வாசலில்தான் படுக்க வேண்டும்.

"ஊர்ல வேற கட்டடமே இல்லையா?" என்றாள் மல்லிகா.

"அம்மா, அது பார்லி கொதிக்க வெச்ச அண்டா லா. நீங்களும் வீட்டுல பார்லி கொதிக்க வைக்கிறீங்கதானே?"

"என் பார்லியக் குடிச்சிட்டு யாரும் ரோட்டுல விழுந்ததில்ல."

யாழினி உதவிக்கு என்னைப் பார்த்தாள். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு சரி. மல்லிகாவிடம் வாதாடி ஜெயிக்க அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

யாழினி தினமும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். ஒவ்வொரு தடவை முடித்ததும் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை... அம்மா வந்து கேட்பாரா? அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கடைசியில் மல்லிகா இறங்கி வந்தாள் — பாதி தூரம்.

"கேட் வரைக்கும் வரேன். உள்ள கூப்பிடக் கூடாது."

சொன்னபடியே கேட்டுக்கு வெளியே, மரத்தடி பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் யாழினியும் மட்டும் உள்ளே போனோம்.

அண்டாவின் பக்கத்தில் டான் அங்கிள் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆலையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற சீனர். கையில் லிட்டில் இந்தியாக் கடைப் பை. அதற்குள் மாலை, வாழைப்பழம், பொரி, குங்குமம் என்று அவர் சொன்ன ஒரு பொடிப் பொட்டலம். அது ஆயுத பூசை வாரம். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்: "எங்க காலத்துல வருஷா வருஷம் தமிழ் ஆளுங்க இந்த அண்டாவுக்குப் பொட்டு வைப்பாங்க. நானும் மலாய்க் கூட்டாளிங்களும் பொரிக்காகச் சுத்தி நிப்போம். அண்டாவ மட்டும் காப்பாத்திட்டு இத விட்டுட்டா எப்படி? பர்மிஷன் வாங்கிட்டேன்."

யாழினி பொட்டலத்தைப் பிரித்தாள். பொடி என்னவோ ரோஸ் நிறத்தில் மினுங்கியது. என்னிடம் காட்டினாள். எனக்கு என்ன தெரியும்? என் டூல் பாக்ஸுக்கே மல்லிகாதான் பொட்டு வைப்பாள்.

"அம்மாகிட்ட கேக்குறேன்" என்று கேட் பக்கம் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன்.

மல்லிகா பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இது கோலப்பொடி. யாரு வாங்குனது?"

"டான் அங்கிள். அண்டாவுக்கு ஆயுத பூசை, அம்மா. முன்னாடி இங்க வேலை செஞ்ச தமிழ் ஆளுங்க வருஷா வருஷம் செய்வாங்களாம்."

"அந்த அண்டாவுக்கா?"

"அதுக்குத்தான்."

மல்லிகா கொஞ்ச நேரம் புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். கோயில் குங்குமம் வந்தது, சந்தனமும் வந்தது. அதற்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ! யாழினியிடம் நீட்டியவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சந்தனம் குழைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கப்பாவுக்கு?"

இப்போது நான் புகைபோக்கியைப் பார்த்தேன்.

"நகருங்க" என்றாள். எழுந்தாள். நடந்தாள். கேட்டைத் தாண்டியே விட்டாள்.

டான் அங்கிள் காட்டிய இடத்தில் சந்தனத்தைத் தீற்றி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். செம்பின் மேல் அது பளிச்சென்று உட்கார்ந்தது. மாலை ஏறியது. வாசலில் நின்ற மலாய்க் காவலரிலிருந்து கேமராவோடு வந்த வெள்ளைக்காரர் வரை எல்லார் கையிலும் பொரி.

யாழினி பேச ஆரம்பித்தாள். பார்லி, நெருப்பு, நீராவி... மனப்பாடம் செய்த வரிகள் முடிந்ததும், பயிற்சியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "இந்தப் பொட்டு, என் அம்மா வெச்சது."

கைதட்டினார்கள். மல்லிகா கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

பீர் நல்லதா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் வளர்ந்து வந்து கேட்டாலும் அதே பதில்தான். அப்புறம் எதற்கு இந்த ஆலையைக் காப்பாற்ற வேண்டும்? அங்கே காய்ச்சியது பீர். ஆனால் காய்ந்தது மனிதர்கள் — அந்த அண்டாச் சூட்டில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். சுவரை இடித்துவிட்டால் அவர்கள் நின்ற இடத்தை எப்படிக் காட்டுவது?

புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மல்லிகா கைப்பையைத் திறந்து, மிச்சமிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் சந்தனம் நிறைய எடுத்துட்டு வரணும். எவ்வளவு பெரிய அண்டா..."

கேக் விஷயத்தில் மட்டும் இன்னும் மாற்றமில்லை.