ஊலியின் பங்கு

கோடை வந்தால் எங்கள் வீடு முழுக்கக் காய்ந்த புல் மணக்கும். வாசலோடு நின்றுவிடுகிற மணமல்ல அது. தலையணை உறையிலும், என் பள்ளிக்கூடப் பையிலும், அம்மா இறுக்கிப் பூட்டி வைக்கிற மிளகாய்த்தூள் போத்தலின் மூடியிலும்கூட அது ஏறியிருக்கும். பேர்ணுக்குக் கிழக்கே, எம்மந்தால் பள்ளத்தாக்கில், கூரை நிலத்தைத் தொடப் பார்க்கிற ஒரு பழைய பண்ணைவீட்டின் மேல்தட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் கெர்பர், அவருக்குப் பின்னால் அவருடைய மாடுகள், எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் புல் அடைகிற பரண், அதை ஊரில் "பூனி" என்பார்கள். ஓர்லிகோன் நகரத்திலிருந்து வருகிற அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேறுவார். "மாட்டுக் கொட்டிலுக்கு மேலை குடியிருக்கவோ சுவிசுக்கு வந்தனீங்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், திரும்பிப் போகும்போது கெர்பரின் முட்டையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் வரவேற்பறையில் இரண்டு சுவர்கள் இருந்தன என்றுதான் சொல்லவேண்டும், மற்ற இரண்டும் கணக்கில் இல்லை. ஒன்றில் "சாமித்தட்டு", அதன் பக்கத்தில் அப்பாவின் தகப்பனார் படம்; படத்துக்குச் சந்தனப் பொட்டு, மாலை, எந்நேரமும் மினுங்கும் ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ். எதிர்ச்சுவர் உயிரோடிருப்பவர்களுடையது. அதில் என் பள்ளிக்கூடப் படமும் அத்தை குடும்பத்தின் படமும் அம்மாவின் தம்பியான சின்ன மாமாவின் படமும் தொங்கின. இந்தப் பிரிவினையை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. செருப்பை எங்கே கழற்றுவது என்பதுபோல அதுவும் தானாகத் தெரிந்திருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் சண்டை முடிந்தபோது மாமா அங்கேதான் இருந்தார். அவர் சண்டை பிடித்தவரா, சண்டைக்குள் அகப்பட்டவரா என்று என் முன்னால் யாரும் பிரித்துப் பேசியதில்லை. கடைசி நாட்களில் ஆமிக்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு பஸ்ஸில் அவர் ஏறியதைக் கண்டதாக ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. தொலைபேசி அடித்தால் அம்மா ஈரக்கையோடு ஓடிவருவார். தீபாவளி வந்தால் மாமாவின் அளவில் ஒரு சேட்டு வாங்கி, மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைப்பார். "மச்சாள், செய்யவேண்டியதைச் செய்தால்தானே அந்தச் சீவன் ஆறும்? பேர்ண் கோயில் ஐயரிட்டைக் கேட்டு ஒரு நாள் பாப்பம்" என்று அத்தை இதமாகத்தான் சொல்லிப் பார்த்தார். "ஆருக்கு?" என்று அம்மா கேட்ட கேள்வியில் அத்தை தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவும் அத்தையின் பக்கம்தான். அவருக்கு மாமாவில் அன்பில்லாமல் இல்லை. அம்மா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இப்பிடியே இருந்தால் நீர்தான் வருத்தக்காரியாப் போவீர்" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான், சண்டை முடிந்து மூன்றாவது கோடையில், வெள்ளைச் சப்பாத்தும் அகலத் தொப்பியும் போட்ட ஒரு அமெரிக்கப் பெண்மணி வாடகைக் காரில் வந்து எங்கள் முற்றத்தில் இறங்கினார். பெயர் கரோல், எழுபது வயதிருக்கும். கெர்பருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. படியடியில் நின்று மேலே பார்த்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழுக்கவைத்த அவருடைய ஆங்கிலத்துக்கு இந்த நாட்டில் அதுவரை ஒரு வேலையும் கிடைத்திருக்கவில்லை, ஆகவே நல்ல சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் அவருக்கு ஜேர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும். கரோல் ஆங்கிலத்தில் சொல்வதை அப்பா தமிழாக்க, அந்தத் தமிழை நான் பேர்ண் பேச்சாக்கிக் கெர்பரிடம் கொடுக்க, அவர் நீண்ட நேரம் யோசித்து "ஜா", அதாவது ஓம், என்று ஒரே ஒரு சொல்லைத் திருப்பி அனுப்புவார். அதையும் அப்பா பயபக்தியோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

கரோல் தேடி வந்தது அவருடைய பாட்டனுக்கும் முந்திய பாட்டன் ஒருவரை. ஊலி என்று பெயர். இந்த வீட்டில் பிறந்து, தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு இளவயதில் புறப்பட்டு, கப்பற் கூலிக்காகப் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக்காரனிடம் வருடக்கணக்கில் அடிமைபோல உழைத்து, அது தீர்ந்த கையோடு அமெரிக்காவின் விடுதலைப் போரில் சேர்ந்தவர். "இங்கிலாந்து ராசாவுக்கு எதிராச் சண்டை பிடிச்ச மனுசனாம்" என்று அப்பா சொன்னபோது, தானே துவக்குத் தூக்கியதுபோல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பனிக்காலத்தில் பாசறையில் குளிரில் விறைத்து ஊலிக்கு ஒரு காலின் விரல்கள் போயின. போர் முடிந்த பிறகு காட்டோரத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கலியாணம் கட்டி, வீடு நிறையப் பிள்ளை பெற்று, நல்ல முதுமை கண்டுதான் கண்ணை மூடினார். இவ்வளவையும் கேட்ட கெர்பரின் ஒரே கேள்வி, விரல் இல்லாமல் எப்படி உழுதார் என்பதுதான். கெர்பர் ஊலியின் தமையனுடைய வழி என்பது பேச்சில் தெரியவந்தது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், கெர்பர் உள்ளே போய் ஒரு பெரிய துண்டு சீஸ் கொண்டுவந்து கரோலின் கையில் கொடுத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் கரோல் ஊர் விடுதியில் தங்கி, நாள்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் "அமெரிக்கா அன்ரி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார். தாத்தாவின் படத்தைப் பார்த்து, ஏன் பூ என்று கேட்டார். மரியாதைக்கு என்றார் அப்பா. எதிர்ச்சுவரில் மாமாவைக் காட்டிக் கேட்டார். அவரும் ஒரு போருக்குள் இருந்தவர் என்றார் அப்பா. இரண்டும் பொய்யில்லை, ஆனால் அப்பா அதோடு நிறுத்திக்கொண்டதுதான் வினையாகிப் போனது.

போவதற்கு முதல்நாள் கரோல் ஒரு கடதாசிப் பையோடு வந்தார். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரத்தில், பையிலிருந்து வெள்ளைப் பூக்களைத் தையல் நூலில் கோத்த ஒரு மாலையை எடுத்து, மாமாவின் படத்துக்குப் போட்டார். போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு ஆண்டுதோறும் பூ வைப்பது அவருடைய ஊர் வழக்கமாம். நாங்கள் பூவைக் கோத்துப் போடுவதைப் பார்த்து, விடுதி அறையில் இருந்து தானே கோத்திருக்கிறார். அப்பா "நோ" என்று வாயெடுக்கும்போது அம்மா தட்டோடு வந்து நின்றார்.

அம்மா கத்தவில்லை. தட்டை மேசையில் வைத்தார், மாலையைக் கழற்றினார். கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். படத்தில் கிடந்த பூவைச் சாமிக்குப் போட முடியாது. ஆசையாகக் கோத்துக்கொண்டு வந்ததைக் குப்பையில் போடவும் மனம் வராது. கடைசியில் அதைக் கரோலின் கழுத்தில் போட்டார். கரோல் சிரித்தார், வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருப்பார். பிறகு அம்மா படத்தின் கண்ணாடியைத் துடைப்பதைக் கண்டார்.

"இஞ்சேருங்கோ, அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றார் அம்மா. "என்ரை தம்பி சாகேல்லை."

அப்பா விளங்கப்படுத்தினார். கரோல் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தார். அவர் அழுவார் என்று பார்த்தேன்; அழவில்லை. சற்றுப் பொறுத்து அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசத் தொடங்கினார், நீண்ட நேரம் பேசினார். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆங்கிலம் தொடங்கியிருந்த எனக்கு, ஒரு தாய், ஒரு மகன், காத்திருத்தல் என்ற அளவில்தான் பிடிபட்டது. அவர் முடித்த பிறகும் அப்பா மொழிபெயர்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

அந்த நேரத்து அப்பாவை இப்போது நினைத்தால் எனக்கு அவரில் அளவில்லாத பிரியம் வருகிறது. அம்மாவின் காத்திருப்பு முடிந்தால் போதும் என்று மூன்று வருடமாக நேர்ந்துகொண்டிருந்த மனுசன் அவர். வேறொன்றைச் சொல்லிச் சமாளித்திருந்தால் பிடிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் அவர் திரும்பி, அம்மாவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

ஊலிக்கு எழுதத் தெரியாது. போனவரிடமிருந்து சேதி வரவில்லை என்றதும், அவர் இறந்துபோனதாகவே ஊர் எடுத்துக்கொண்டது. தகப்பன் இறந்தபின் தோட்டத்தைப் பிரிக்கும்போது, தாய் மட்டும் ஊலியின் பங்கைத் தொடவிடவில்லையாம். அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று சண்டை பிடித்தாராம். எத்தனையோ வருடம் கழித்து இதே பள்ளத்தாக்கிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒருவர், ஊலியைத் தற்செயலாகச் சந்தித்து இதைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தாய் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊலி கிழவனான பிறகு தன் பிள்ளைகளுக்குச் சொல்ல, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல, அப்படியே கரோல் வரைக்கும் வந்த கதை.

அம்மா எழுந்து, இதைக் கெர்பருக்கும் சொல்லவேண்டும் என்று எங்களைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். நான் சொல்லச் சொல்லக் கெர்பர் கையிலிருந்த வாளியை நிலத்தில் வைத்தார். பிறகு எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிச்சென்று, அப்பிள் மரங்கள் நிற்கிற மூலையைக் காட்டினார். அந்த மூலைக்கு "ஊலிப்ளெட்ஸ்", ஊலியின் துண்டு, என்று பெயர். அவருடைய தகப்பனும் பாட்டனும் அப்படித்தான் சொன்னார்கள். ஊலி இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு உள்ள பெயர், இது எந்த ஊலி என்று கேட்க அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நானே அந்தப் பெயரைச் சொல்லி அங்கே அப்பிள் பொறுக்கியிருக்கிறேன்.

அம்மா அந்த மரங்களுக்குக் கீழே நின்று அப்பாவிடம் கேட்டார். "தாய் சாகேக்கை அவர் உயிரோடை இருந்தவர்தானே?"

அப்பா கரோலைக் கேட்டார். ஓம், அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார்.

"அப்ப அந்தத் தாய் சொன்னது சரிதானே."

"சரிதான். ஆனா அவவுக்கு அது தெரியாமலே போச்சே."

"தெரியாட்டிலும் சரிதானே" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு ஐயரைக் கேட்பது பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. அத்தை பேச்சை எடுத்தாலும் "அந்தக் கதையை விடு" என்று வெட்டிவிடுவார். அம்மா தேறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாப்பிட்டார், படுத்து உறங்கினார். ஒவ்வொரு நத்தாருக்கும், அதுதான் கிறிஸ்மசுக்கு, கரோல் தொலைபேசி எடுப்பார். அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஹாஸ் ஹீ கம்?" வந்திட்டாரோ? முதல் வருடம் அப்பா இடையில் நின்று மொழிபெயர்த்தார். அடுத்த வருடம் அம்மா தானே ரிசீவரை வாங்கி "நொட் யெற்" என்றார், இன்னும் இல்லை. அம்மாவுக்குப் பிசகில்லாமல் வந்த ஆங்கிலம் அந்த இரண்டு சொல்தான்.

இப்போது கெர்பர் இல்லை. அவருடைய வீடு விடுமுறைக்கு வருபவர்கள் தங்குகிற இடமாகிவிட்டது, ஊலிப்ளெட்ஸில் சரளைக்கல் கொட்டிக் கார்களை நிறுத்துகிறார்கள். அம்மாவும் அப்பாவும் ஓர்லிகோனில் அத்தை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள், நான் பேர்ணில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் மாமாவைப் பற்றிக் கதைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். கதைத்தாலும் "இருந்தவர்" என்றுதான் கதைக்கிறார்கள். போன வருடம் கரோலின் மகன் தொலைபேசி எடுத்து, தாய் காலமான சேதியைச் சொன்னார். அம்மா அன்று அழுதது கரோலுக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு நத்தார் வந்தபோதுதான் உறைத்தது. அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இனி உலகத்தில் ஒருவரும் இல்லை.

அந்த நத்தாருக்கு முதல்நாள் வேலை முடிந்து திரும்பும்போது, ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபடியே அம்மாவுக்கு எடுத்தேன். வழக்கமாகச் சாப்பாட்டைத்தான் விசாரிப்போம்.

"அம்மா, மாமா வந்திட்டாரோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்றார் அம்மா.