பிள்ளைக்கு வார்த்த சூடு

என் கணவர் கடலட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் மகளுக்கு நாற்பத்தொரு நாள். முப்பத்தொன்றுக்குப் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, வீடு கழுவிப் பத்து நாள்தான். மீன், இறைச்சி என்று மச்சமே ஏறாத கொக்குவில் வளவுக்குள், சைக்கிள் கரியரில் கட்டிய வாளியில், பன்னிரண்டு கரும் பிராணிகள்! வந்த ஆத்திரத்துக்கு வாளியோடு கிணற்றடியில் கவிழ்த்திருப்பேன். பிள்ளை கையில் இருந்ததால் தப்பின.

அது எழுபதுகளின் கடைசி. அவர் விஞ்ஞான ஆசிரியர். கடலட்டை எப்படி இனம் பெருக்குகிறது என்று ஆராய்வதற்காக மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தார். நேர்முகத்தில் கேள்வி கேட்டவர்கள் மூன்று பேர். அட்டைக்குச் சுழியோடுகிற ஒருவர் சொன்னதை இவர் அங்கே அப்படியே ஒப்புவித்தாராம். முழுநிலாப் பறுவம் கழிந்த பின்னேரங்களில் அட்டை தலையைத் தூக்கி எழுந்து நின்று ஆடும், பிறகு கடல் பால் கலந்த மாதிரி ஆகும் என்று. மண்ணைத் தின்று மண்ணைக் கழித்துக்கொண்டு கிடக்கிற பிராணி எழும்பி ஆடுமோ என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கண்ணால் கண்டீரோ என்று கேட்டதற்கு இவர் இல்லை என்றாராம். ஒரு மாதத்துக்குள் கண்டுவிட்டு வாரும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து உடுப்புத் தோய்க்கிற தொட்டி எனக்கில்லை. அதில் கடல் மண்ணும் கடல் தண்ணீரும் நிறைத்து அட்டைகளை விட்டார். வெயில் படக்கூடாதென்று மேலே தென்னோலைக் கிடுகுப் பந்தல், குளிர்ச்சிக்குச் சுற்றிவர ஈரச் சாக்கு. என் அறைக் கூரை ஒழுகுகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் கிடுகு கிடைக்கவில்லை. பின்னேரமானால் கதிரையைப் போட்டுக்கொண்டு தொட்டியடியில் காவல். கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஒரே சொல்: அசையவில்லை. மகள் முதன்முதல் அவரைப் பார்த்துச் சிரித்த நாளிலும் அசையவில்லை என்றுதான் எழுதியிருந்தார்.

பறுவத்துக்கு மறுநாள் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டுக் பிளாஸ்டிக் கானில் இருக்கிற புதுக் கடல் தண்ணீரை ஊற்றச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே கடற்கரைக்குப் போய் அடுத்த கானை நிரப்பி வருவாராம். மகளைக் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி வெயிலில் வைப்பது எங்கள் வழக்கம். அன்று சட்டியை வைக்கும்போது அந்தத் தொட்டியைப் பார்த்தேன். ஆழமில்லாத கடலில் நாளெல்லாம் வெயில் காய்ந்த பிராணிகள், ஈரச் சாக்குக்குள் விறைத்துப்போய்க் கிடந்தன. பாவமாய் இருந்தது. கான் தண்ணீரையும் ஒரு கிடாரத்தில் ஊற்றிப் பக்கத்திலேயே வைத்தேன். மத்தியானம் முழங்கையை விட்டுப் பார்த்து, பிள்ளைக்கு வார்த்த அதே சூட்டில் அதுகளுக்கும் வார்த்தேன்.

பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், ஒன்று எழுந்து நிற்கிறது! பாதி உடம்பு மண்ணில், பாதி தண்ணீரில் நிமிர்ந்து, இப்படியும் அப்படியும் ஆடுகிறது. தலைப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒன்று இழைந்து வந்தது. பிறகு மற்றவையும் எழுந்தன. கனநேரம் கழித்து ஒன்று தலை வீங்கிச் சட்டென்று மஞ்சளாய்ச் சிந்தியது. இந்த மனுசன் எங்கே போய்த் தொலைந்தார் என்று அழுகையே வந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். தொட்டியில் பால் மாதிரித் தண்ணீர். அட்டைகள் பழையபடி மண்ணுக்குள். நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதினார். அவர்கள் தந்த மாதம் முடிய இன்னும் ஒரு கிழமைதான். மறுபடி ஒன்றும் எழும்பவில்லை.

இரண்டாம் முறை நேர்முகத்துக்குப் போனபோது, கண்ணால் கண்டீரோ என்ற அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்களாம். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. இவர் சொன்னது, "இல்லை. என்ரை மனிசி கண்டவ."

அவவைக் கூட்டி வாரும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் பிள்ளையும் கையுமாய்ப் போய் நின்றேன். கண்டதைச் சொன்னேன். சிரிப்பதற்கு ஆயத்தமாய் இருந்தவர்கள் மெல்ல மெல்லச் சிரிப்பை விட்டார்கள். அதில் வயது போனவர், தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்டார்.

"பிள்ளையை முழுக வாக்கிற சூடு. முழங்கை வைச்சாச் சுடக்கூடாது."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். "இடம் உமக்குத்தான். அந்தச் சூடுதான் அட்டையை எழுப்பி இனம் பெருக்க வைச்சிருக்கு. முதலிலை பிள்ளையின்ரை தண்ணிக்குள்ளை வெப்பமானியை வைச்சுப் பாரும்."

மறுநாள் மத்தியானம் மகள் சட்டிக்குள் கிடந்து வீரிட்டு அழ, இவர் வெப்பமானியும் கையுமாய்க் குந்தியிருந்தார். பிறகு புதுக் கொப்பியின் முதல் பக்கத்தை விரித்து, மகளின் பெயரை எழுதி, அதற்கு நேரே அந்தச் சூட்டை எழுதினார்.