போட்டோ எடுத்த பிறகு சாப்பாடு

ஐதராபாத்தில் சனத்நகர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காஞ்சனா ஐந்து வருடமாகக் கோடையில் மதியச் சாப்பாடு போடுகிறார். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஜூன் இரண்டாவது வாரம்தான் திறக்கும். அதுவரை பள்ளியில் கிடைத்துவந்த மதிய உணவும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதைப் பார்த்துத்தான் அவர் முதல் வருடம் அடுப்பு மூட்டினார். அன்று பன்னிரண்டு பேர். இப்போது அறுபது.

காஞ்சனாவுக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய அப்பா பூபாலன் அரக்கோணத்திலிருந்து வந்து ரயில்வே பட்டறை கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். வெங்காயம் உரிக்கப் போன இடத்தில் காஞ்சனா அண்டாவின் பக்கத்தில் நின்று பார்த்தே சமையலைத் தெரிந்துகொண்டார். பிறகு சனத்நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். தொழிற்சாலையை மூடியபோது கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மகன் பெங்களூரில். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை அவருடையது.

அறுபது பிள்ளைகளுக்கு ஏழு கிலோ அரிசி. சோற்றை முக்கால் வேக்காட்டில் வடித்துவிடுவார். பெரிய அண்டாவில் மீதி வேக்காடு அதன் சூட்டிலேயே ஆகிவிடும் என்பது கேன்டீனில் கற்றது. மே மாதத்தில் எதிலும் தேங்காய் அரைத்து ஊற்ற மாட்டார். மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். பட்டறையில் சங்கு ஊதும்போது தட்டில் சோறு இருந்தாக வேண்டும் என்பார்கள். இங்கே சங்கு இல்லை. ஆனால் வார்டு சமூகக்கூடத்தில் மணி பன்னிரண்டு அடித்தால் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், தட்டு நிறைந்திருக்கும்.

ஆனால் கை மட்டும் தட்டில் இருக்காது. அதுதான் இந்தக் கதை.

இரண்டாம் வருடத்திலிருந்து பிறந்தநாள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஊரைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளில் இருக்கும் ஐ.டி. குடும்பங்கள். தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் அன்று அறுபது பிள்ளைகளுக்குச் சாப்பாடு, கூட ஒரு லட்டு. நல்ல மனசோடுதான் வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் கொஞ்சம் தாமதமாக வந்தார். அதற்குள் பிள்ளைகள் பாதி சாப்பிட்டுவிட்டார்கள். போட்டோவில் எச்சில் தட்டும் குழம்பு ஒழுகும் வாயும்தான் வந்தன. அந்த அம்மாளின் முகம் வாடியதைக் காஞ்சனா பார்த்தார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

அதிலிருந்து காஞ்சனா ஒரு ஒழுங்கு வைத்தார். யாரும் கேட்டு வைத்ததல்ல. தட்டில் பரிமாறியாகிவிட வேண்டும். பிள்ளைகள் கையை மடியில் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டை போட்டவர்கள் முன்வரிசை. பிறந்தநாள் பிள்ளை லட்டு ஊட்டும், எல்லோரும் ஹாப்பி பர்த்டே பாட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அதன் பிறகு சாப்பாடு. நாலு நாளில் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். "எவ்ளோ டிசிப்ளின் பாருங்க" என்று வந்தவர்கள் சொல்வார்கள். காஞ்சனாவுக்கு அதில் பெருமையாகவே இருந்தது. பிற்பாடு அவருக்கு அதிகம் கூசியது அந்தப் பெருமையை நினைத்துத்தான்.

போன மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, வெங்கட், ப்ரியா தம்பதியின் மகன் ஷ்யாமுக்கு ஆறாவது பிறந்தநாள். பதினொன்றே முக்காலுக்கு வெங்கட் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர்.

"ஆன்ட்டி, மூசாப்பேட்டைகிட்ட ட்ராஃபிக்ல மாட்டிட்டோங்க. பதினஞ்சே நிமிஷம், வந்தர்றோம். அவன் கையால லட்டு குடுக்கோணும்னு ப்ரியாவுக்கு ரொம்ப ஆசைங்க."

"மெதுவா வாங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றார் காஞ்சனா.

பன்னிரண்டுக்குத் தட்டுகள் நிறைந்தன. சோறு, சாம்பார், அவித்த முட்டை. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. கூடத்தில் இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும். பன்னிரண்டரை ஆனது. சோற்றின் மேல்பக்கம் காய ஆரம்பித்தது. எர்ரகட்டா சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவரும் ஆட்டோக்காரர் அப்துல் காதர் வாசலில் நின்று பார்த்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், ஐதராபாத்தில் முப்பது வருடம்.

"கைக்கு அக்கா, எதுக்கு பசங்கள இப்டி குந்த வெச்சிருக்கீங்க? சாப்புட சொல்லுங்க. அவுங்க வந்தா காலி தட்ட போட்டோ புடிச்சிக்கட்டும். நல்லா சாப்ட்டாங்கன்னு சாட்சி."

"சும்மா இரு பாய். இன்னும் பத்து நிமிசம்."

"உங்க பத்து நிமிசத்துக்குக் கோழியே வந்து முட்டைய திருப்பி எடுத்துக்கினு போயிடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். காஞ்சனா சிரிக்கவில்லை. முன்வரிசையில் பதினொரு வயது பிந்துவும் அவள் தம்பி கிரியும் உட்கார்ந்திருந்தார்கள். கிரிக்கு நாலு வயது. அவன் மெல்ல முட்டையை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை வாயில் வைத்தான். காஞ்சனா குனிந்து அவன் கையைப் பிடித்து மடியில் வைத்தார். அடிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் அழுத்தி வைத்தார். பிந்து அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு காஞ்சனாவைப் பார்த்தாள்.

அவர்கள் ஒன்று இருபதுக்கு வந்தார்கள். ப்ரியா நிஜமாகவே வருத்தப்பட்டு நாலு தடவை மன்னிப்புக் கேட்டாள். ஷ்யாம் தூக்கக் கலக்கத்தில் லட்டு ஊட்ட மாட்டேன் என்றான். கடைசியில் பிந்துவின் வாயில் அரை லட்டைத் திணித்தான். வெங்கட் போட்டோ எடுத்தார். தட்டு சரியாகத் தெரியவில்லை என்று ப்ரியா சொல்ல, காஞ்சனாவே பிந்துவின் தட்டை இரண்டு விரலால் தூக்கிச் சாய்த்துக் காட்டினார்.

திங்கட்கிழமை பிந்துவும் கிரியும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று காஞ்சனா நினைத்தார். அந்தப் பிள்ளைகளுக்குப் பகலில் வேறு சாப்பாடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். புதன்கிழமை பாத்திரம் கழுவி முடித்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனார்.

அம்மா சுமதி வேலை முடிந்து வந்து, அப்போதுதான் சமையலை முடித்திருந்தாள். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். கட்டட வேலைக்கு வந்த கணவன் இப்போது எங்கோ வேறு ஊரில்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"பசங்களுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்ப ஏன் அனுப்பல?"

சுமதி தலைமுடியை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டாள்.

"அந்தப் பொறந்தநாளுக்காரங்க இருக்காங்களே, அவங்க அபார்ட்மென்ட்லதான் நான் மூணு வூட்ல வேலை செய்யறன். ஞாயித்துக்கெழம நாலாவது மாடி மேடம் போனக் காட்டி, சுமதி, இது உன் பொண்ணுதானேன்னாங்க. அவங்க குரூப்ல போட்டிருக்காங்க. ஆமாங்கன்னேன். சோத்துக்கே இல்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதான்னாங்க. பாவம், அக்கறையாத்தான் கேட்டாங்க."

"ம்."

"அன்னிக்கே மூணு வூட்லயும் பழசக் கட்டி வெச்சிருந்தாங்க. மூணு கவரு. வேணாம்னா கோவிச்சுக்குவாங்க, வாங்கிட்டு வந்தேன். கவர்ல என்னாம்மான்னு பிந்து கேட்டா. உன் போட்டோவுக்குக் குடுத்தாங்கன்னேன். நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது. அதுலருந்து அவ வரமாட்டேங்கறா."

பிந்து கதவுக்குப் பின்னால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா, அவங்க குரூப்ல போடுவாங்கன்னு" என்றார் காஞ்சனா. சொல்லும்போதே அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பின்னே எதற்குப் போட்டோ எடுக்கிறார்கள்?

"உங்களச் சொல்லலக்கா. சாப்ட்டீங்களா? சாப்ட்டிருக்க மாட்டீங்க. இருங்க."

வேண்டாம் என்று சொல்லியும் சுமதி தட்டை வைத்தாள். சோறு, பப்பு என்கிற தக்காளிப் பருப்பு, வறுத்த மோர்மிளகாய் இரண்டு. காஞ்சனா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைதான். கையைக் கழுவிக்கொண்டு சோற்றில் கை வைக்கப் போனார். மூலையில் பாட்டில் மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்த கிரி எழுந்து ஓடி வந்தான்.

"ஆகு ஆன்ட்டி. இன்கா போட்டோ தீயலேது."

இரு, இன்னும் போட்டோ எடுக்கவில்லை என்கிறான். குறும்பாகச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொல்வதுபோல, தெரியாதவருக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு, எப்படி என்று காட்டுவதற்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரேய், ஊருக்கோ" என்றாள் பிந்து. சும்மா இருடா.

சுமதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனை யாரும் திட்டவில்லை. காஞ்சனாவின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. வைத்த சோற்றை விட்டுவிட்டு எழுந்தால் சுமதிக்கு அது இன்னொரு அவமானம். அதனால் சாப்பிட்டார். நாற்பது வருடமாக உப்பு, புளி, காரம் பார்த்த நாக்கு. அன்று அந்தப் பப்பில் உப்பு இருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. முழுவதும் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

"நாளைக்கு அனுப்பிடும்மா."

"நாளைக்கு யாரு பொறந்தநாளு, அக்கா?"

இருந்தது. ஒரு பெண் குழந்தைக்கு. காஞ்சனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வேணாங்க."

அன்று சாயங்காலம் சமூகக்கூடத்துப் படியில் உட்கார்ந்து, ஜூன் வரை நாள் கேட்டிருந்த ஒன்பது பேருக்கும் போன் செய்தார். சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, போட்டோ கிடையாது, வேண்டுமானால் நீங்களும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். ஐந்து பேர் சரி என்றார்கள். மூன்று பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், சொல்லவில்லை. ஒருவர், "அப்புறம் சாப்பாடு போட்டீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கேட்டது தப்பில்லை என்றுதான் காஞ்சனாவுக்குப் பட்டது. இத்தனை வருடம் அவரே கொடுத்துப் பழக்கிய அத்தாட்சி அது.

ப்ரியாவையும் கூப்பிட்டார். விஷயத்தை முழுக்கக் கேட்ட பிறகு, "டெலீட் பண்ணிர்றேன் ஆன்ட்டி. ஆனா எல்லாரும் பாத்துட்டாங்களே" என்றாள்.

"அந்தத் தட்டச் சாய்ச்சுக் காட்டுனது நான்தான்மா" என்றார் காஞ்சனா.

மறுநாள் வியாழக்கிழமை பன்னிரண்டுக்குத் தட்டுகள் நிறைந்தன. அன்றைய பிறந்தநாள்காரர்கள் வரவில்லை, அதனால் முட்டை இல்லை, உருளைக்கிழங்கு. காஞ்சனா, "சாப்பிடுங்க" என்றார். ஒருவரும் தொடவில்லை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள். தெலுங்கில் சொன்னார், இந்தியில் சொன்னார். ஒரு பையன், "எவரு வஸ்தாரு?" என்று கேட்டான். யார் வருகிறார்கள் என்கிறான். யாரும் வரவில்லை, இனிமேல் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றார். அப்போதும் முன்வரிசைக் கைகள் அசையவில்லை. கடைசியில் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்து, முதல் கவளத்தை அவர் எடுத்து வாயில் வைத்தார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கைகள் தட்டுக்கு வந்தன. வருகிறவர்கள் பாராட்டிய அந்த ஒழுங்கு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அவர் அன்று பார்த்தார்.

அப்துல் காதர் அதையெல்லாம் சுமதியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கிரி வந்தான். பிந்துதான் கூட்டி வந்தாள். வாசலில் அவனை உள்ளே தள்ளிவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரின் குறுகிய நிழலில் போய் நின்றுகொண்டாள்.

காஞ்சனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

"இப்பல்லாம் யாருக்காகவும் காத்திருக்கறதில்லம்மா. போட்டோ கெடையாது. உள்ள வா."

"நான் சாப்ட்டுட்டேன் ஆன்ட்டி" என்றாள் பிந்து. தமிழில் சொன்னாள். அவரிடம் அவள் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

மணி பன்னிரண்டு ஐந்து. சுமதி வீடு திரும்ப இரண்டாகும். வீட்டில் இந்நேரம் சோறு இருக்காது என்பது இருவருக்குமே தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். காஞ்சனா கூப்பிடவில்லை. ஒரு டம்ளர் மோர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். பிந்து வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ எங்கே குழாய் என்று கேட்டாள்.

ஜூன் பன்னிரண்டில் பள்ளி திறக்கும்வரை அவள் தினமும் வந்தாள், தினமும் அந்தச் சுவர் ஓரம் நின்றாள். மோர் வாங்கிக்கொண்டாள். சோற்றுக்கு உள்ளே வரவில்லை.