பூஞ்சணம் போடாத குடுவை

நிலக்கரியைப் பூஞ்சணம் தின்னும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. எதையும் இலகுவில் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் கனடாவில், மார்க்கம் நகரத்தில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் அதுதான் எங்கள் தொழில். மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்தைக் குடுவையில் வளர்த்து, பழுப்பு நிலக்கரித் தூளைப் போடுவோம். பூஞ்சணம் விடும் நொதியங்கள் கரியை உடைக்க, தண்ணீர் பால் விடாத பிளேன்ரி நிறமாகும். பக்கத்தில் அதே கரித்தூள் போட்டு, பூஞ்சணம் போடாத குடுவை ஒன்றும் இருக்கும். அதில் தண்ணீர் தெளிவாக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் நொதியத்தின் வேலை என்று எதைக் காட்டுவது?

ஒரு திங்கட்கிழமை அதுவும் பிளேன்ரியாக நின்றது.

எனக்கு உடனே அவர்மேல்தான் கண் போனது. புதிதாக வந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே ஏழு வருடம் கிடங்கில் பெட்டி தூக்கியபின் கிடைத்த முதல் ஆய்வுகூட வேலை. நிரந்தரமாக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. பூஞ்சணம் தொட்ட உறிஞ்சுகுழாயாலேயே மற்றக் குடுவையையும் தொட்டிருப்பார், இப்போது மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். சாப்பாட்டு நேரத்திலும் உள்ளேயே நின்று குடுவைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான் போனால் குறிப்பெழுதும் கொப்பியை மூடுவார். சும்மா இருக்கிற மனிசன் கொப்பியை ஏன் மூடவேண்டும்?

அந்தத் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். பூஞ்சண இழை ஒன்றுகூட இல்லை. வடித்து எடுத்துவிட்டார், கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அன்றே மனேஜரிடம் போய்ச் சொன்னேன். மனேஜர் மறுபேச்சில்லாமல் அந்தப் புதியவரைப் பரிசோதனை மேசையிலிருந்து எடுத்து, சாமான் அறையில் விட்டார்.

பின்னேரம் கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"நீங்கள் சொன்னா மனேஜர் கேப்பார் அக்கா. எனக்காக ஒருக்காக் கதைப்பியளோ?"

பாப்பம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அடுத்த கிழமைக் குடுவைகள் எல்லாவற்றையும் நானே போட்டேன். வேறு ஒரு கையும் படவில்லை. திங்கட்கிழமை பார்த்தால், பூஞ்சணம் போடாத தண்ணீர் மறுபடியும் கறுத்துக் கிடந்தது. அப்போதுதான் முதல்தடவையாக என்மேல் சந்தேகம் வந்தது. நான் கழுவி அடுக்கிய வெறும் குடுவை ஒன்றில் தண்ணீர் விட்டு, சிவப்புப் பாசிச்சாயத் தாளைத் தோய்த்தேன். தாள் நீலமானது, குடுவையில் காரம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

வோஷிங் சோடா. ஆய்வுகூடச் சவர்க்காரத்துக்குக் கரிக்கறை போகாது என்று, கொஞ்ச நாளாக அஜின்கோர்ட் கடையில் பைக்கற் வாங்கிவந்து, வீட்டில் அடிப்பிடித்த சட்டிக்குச் செய்வதுபோல ஊறவைத்து ஒருதரம் அலசி அடுக்குவேன். பளபளப்பைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. பழுப்பு நிலக்கரியைக் கரைக்க அந்தச் சோடாவே போதும், பூஞ்சணம் தேவையில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மனேஜரிடம் போய், கழுவினது நான் என்று சொன்னேன். பிறகு சாமான் அறைக்குப் போய் அவரிடமும் எல்லாம் சொன்னேன், மனேஜரிடம் கோள் சொன்னதும் நான்தான் என்பது உட்பட. அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அக்கா."

அவருக்கு வேலை நிரந்தரமானது. இப்போது என் பக்கத்து மேசையில்தான் நிற்கிறார். நான் கழுவி வைக்கும் ஒவ்வொரு குடுவையையும் எடுத்து, தண்ணீர் விட்டு, தாள் தோய்த்துப் பார்த்த பிறகுதான் தொடுகிறார்.